அப்பா விற்ற அணி

மிலான் நகரத்து இன்டர் கால்பந்து அணியின் 70 விழுக்காட்டுப் பங்குகள் 2013 நவம்பர் 15 அன்று இந்தோனேசிய வணிகர் எரிக் தோஹிர் தலைமையிலான குழுவின் கைக்கு மாறின. வணிகச் செய்தியாகத்தான் அது வந்தது. பங்கு, விழுக்காடு, புதிய நிர்வாகக் குழு எல்லாம் அதில் இருந்தன. இறந்தது யார் என்பது மட்டும் இல்லை. நமக்குத் தெரியும். ஓர் அணியை ஒரு குடும்பம் தன் வீட்டுப் பிள்ளையைப் போல வைத்திருந்து, துண்டு விழுந்த ஆண்டுகளில் கைப்பணம் போட்டு மூடி, தகப்பனுக்குப் பின் மகன் என்று சுமந்துகொண்டு போன பழைய வழக்கம் ஒன்று, இத்தாலியில் நெடுநாள் நோயில் கிடந்து, அன்று, அதுவரை இன்டரை வைத்திருந்த மொராத்தி வீட்டில் கண்ணை மூடியது.

அந்த வழக்கத்தின் பிறப்பை 1923 ஜூலையில் வைக்கலாம். ஃபியட் கார் நிறுவனத்தை உருவாக்கிய ஜோவான்னி அன்யெல்லியின் மகன் எதுவார்தோ, துரின் நகரத்து யுவென்டஸ் அணியின் தலைவரானது அப்போதுதான். ஆலை வைத்திருப்பவர், துணி விற்பவர், கப்பல் ஓட்டுபவர், திரைப்படம் எடுப்பவர் என்று ஊருக்கொரு செல்வந்தர் ஊர் அணியைத் தன் வீட்டோடு சேர்த்துக்கொள்வது அதன் பிறகு இத்தாலியில் இயல்பாயிற்று. ஊரார் அவரை 'பிரெசிதென்தே' என்பார்கள். தலைவர் என்பதுதான் அதன் பொருள். ஆனால் அவர்கள் சொல்லும் தொனியில் பெரியப்பாவைக் கூப்பிடுகிற உரிமை இருக்கும். தோற்ற இரவில் பெரியப்பாவைத் திட்டுகிற உரிமையும் இருக்கும்.

இன்டர் எந்தக் குடும்பத்திலும் பிறந்ததல்ல. அயல்நாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது பற்றி மிலான் சங்கத்துக்குள் எழுந்த சண்டையில் வெளியேறிய 44 பேர், 1908 மார்ச் 9 இரவு ஓர் உணவகத்தில் கூடித் தொடங்கியது அது. எந்த நாட்டாரும் வரலாம் என்பதைச் சொல்லத்தான் 'இன்டர்நாசியோனாலே' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளையை 1955 மே மாதம் ஆஞ்ஜெலோ மொராத்தி வாங்கித் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். எண்ணெய் வணிகத்தில் தன் முயற்சியால் மேலே வந்தவர். பிற்பாடு 1962இல் சாராஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சார்தீனியத் தீவில் சாரோக் என்னும் இடத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலையை எழுப்பியவரும் அவரே. அந்த ஆலையின் புகைபோக்கியிலிருந்துதான் இன்டர் ஆடும் சான் சீரோ மைதானத்துக்குப் பணம் வந்தது. அந்த ஆலையில் 2009 மே மாதம் ஒரு தொட்டிக்குள் மூன்று தொழிலாளர்கள் மூச்சுமுட்டி மாண்டார்கள் என்பதையும், பெரியவரின் புகழைப் பேசும் இந்த வேளையில் விட்டுவிடக் கூடாது.

முதல் ஐந்து ஆண்டுகள் ஒரு கோப்பையும் வரவில்லை. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். 1960இல் பார்சிலோனாவிலிருந்து எலேனியோ எர்ரேரா வந்தார். அதன் பிறகு நடந்ததை நம் தலைமுறை பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டது: 1963, 1965, 1966 ஆண்டுகளில் இத்தாலியப் பட்டம், 1964 மே 27 அன்று வியன்னாவில் ரியால் மாட்ரிட்டை 3-1 என்று வென்ற ஐரோப்பியக் கோப்பை, அதில் சாந்த்ரோ மத்சோலா அடித்த இரண்டு கோல்கள், சரியாக ஓராண்டு கழித்து, மழையில் ஊறிய சான் சீரோவிலேயே பென்ஃபிகாவை ஜாயிரின் ஒற்றைக் கோலால் வென்ற இரண்டாம் கோப்பை. வியன்னா வெற்றியின்போது ஆஞ்ஜெலோவின் மகன் மாசிமோவுக்கு வயது 19.

பிறகு 1967 வந்தது. மே 25 அன்று லிஸ்பனில் செல்டிக்கிடம் ஐரோப்பிய இறுதி ஆட்டம் போயிற்று. ஒரு வாரத்தில், ஜூன் 1 அன்று, மாந்தோவா என்ற சிற்றூர் அணியிடம், கோல்காப்பாளர் சார்த்தி கையிலிருந்து நழுவிய ஒரு பந்தில் இத்தாலியப் பட்டமும் போயிற்று. களைத்துப்போன பெரியவர் மறு ஆண்டே அணியை இவானோயே ஃப்ராய்ட்சோலிக்குக் கொடுத்துவிட்டு விலகினார். மாசிமோவுக்கு அப்போது 23. விற்பதா வேண்டாமா என்று சொல்லும் வயதும் இல்லை, இடமும் இல்லை.

இடைப்பட்ட 27 ஆண்டுகளைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. சீருடை தைக்கும் தொழில் நடத்திய ஃப்ராய்ட்சோலி 16 ஆண்டும், ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சாப்பாடு வழங்கும் தொழில் செய்த எர்னெஸ்தோ பெல்லெக்ரீனி 11 ஆண்டும் பிள்ளையை ஒழுங்காகவே வளர்த்தார்கள். பெல்லெக்ரீனி காலத்தில் 1989இல் பட்டம் வந்தது, யூஈஎஃப்ஏ கோப்பை இருமுறை வந்தது. ஆனாலும் ஊருக்கு அது மொராத்தி வீட்டுப் பிள்ளைதான். ஆஞ்ஜெலோ 1981இல், கை நழுவிப்போனது நழுவிப்போனதாகவே இருக்க, காலமானார்.

1995 பிப்ரவரியில் மாசிமோ அணியைத் திரும்ப வாங்கினார். அப்பா விற்ற வீட்டை மகன் பணம் சேர்த்து மீட்கும் கதை நமக்குப் புதிதல்ல. அப்படி மீட்பவர் சுவரின் விரிசலைப் பார்த்து விலை பேசமாட்டார். திண்ணை எங்கே இருந்தது என்றுதான் பார்ப்பார். மாசிமோவும் அதையே செய்தார். அப்பாவின் அணியில் ஆடிய மத்சோலாவை நிர்வாகத்துக்கு அழைத்தார். அப்பா காலத்தில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக ஓடிய ஜாசின்தோ ஃபக்கெத்தியை 2004இல் தன் நாற்காலியிலேயே அமர்த்திவிட்டு, உரிமையாளராக மட்டும் இருந்தார். ஃபக்கெத்தி 2006 செப்டம்பரில் நோயில் இறந்தபோது அவருடைய 3ஆம் எண் சட்டையை இனி யாரும் அணிவதில்லை என்று எடுத்துவைத்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பினார். எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரி நியமனங்கள் ஒரு குடும்பத்துக்குள்தான் நடக்கும்.

கொட்டிய பணத்தில் வீணானதும் ஏராளம். 1997இல் பார்சிலோனாவிலிருந்து ரொனால்டோவை வாங்கினார். மறு ஆண்டு பாரிசில் லாட்சியோவை 3-0 என்று வென்று யூஈஎஃப்ஏ கோப்பை வந்தது. அதற்குப் பிறகு ரொனால்டோவின் கால்மூட்டு இரண்டு முறை காயப்பட்டு, மாசிமோவின் பொறுமையையும் பணத்தையும் ஆண்டுக்கணக்கில் தின்றது. 1999இல் அதுவரை உலகில் யாரும் கொடுக்காத விலை கொடுத்து வியெரியை வாங்கினார். பயிற்சியாளர்களை மாற்றியது தனிக் கதை. ஜீஜி சிமோனி 1998 நவம்பரில் சிறந்த பயிற்சியாளருக்கான விருதை வாங்கப் போயிருந்த நாளிலேயே வேலை போன செய்தியும் அவரைத் தேடி வந்தது. இது கொடுமை என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வரவில்லை. ஆனால் அதே வீட்டில்தான், 1996இல் வாங்கிய நைஜீரிய இளைஞன் கானுவின் இதயத்தில் கோளாறு இருப்பதை மருத்துவர்கள் கண்டபோது, ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடாமல் அறுவை சிகிச்சைக்கு அனுப்பி, அவன் மீண்டும் களத்தில் இறங்கும்வரை காத்திருந்தார்கள்.

2002 மே 5 அன்று, ரோமில் வென்றால் பட்டம் என்ற நிலையில், லாட்சியோவிடம் 4-2 என்று தோற்று மூன்றாம் இடத்துக்குச் சரிந்ததும், ரொனால்டோ ஓரத்து இருக்கையில் முகம் பொத்தி அழுததும் நினைவிருக்கும். அந்த நாட்களில் மாசிமோவைச் சந்திக்க வேண்டுமானால் எங்கே போக வேண்டும் என்று மிலான் நிருபர்கள் எல்லாருக்கும் தெரியும். சாராஸ் நிறுவனத்தின் நகர அலுவலக வாசலில் நிற்பார்கள். அவர் படியிறங்கி வருவார். ஒலிவாங்கிகள் நீளும். வழுக்கிவிட்டுப் போகிற பதிலானாலும், நின்று ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் போவார். குடும்பம் அணியைச் சுமக்கும் அந்தப் பழைய வழக்கம் செய்த பெரிய சேவை, எந்தக் கோப்பையையும் விட, அந்த வாசல்தான் என்று நினைக்கிறேன்.

எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இப்படி வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சம்ப்தோரியா அணியை வளர்த்து 1991இல் பட்டம் வாங்கிக் கொடுத்த பாவோலோ மாந்தோவானி 1993இல் இறந்தார். மகன் என்ரிக்கோ காலத்தில் அணி 1999இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. திரைப்படத் தயாரிப்பாளர் மாரியோ செக்கி கோரியும் அதே 1993இல் இறந்தார். மகன் வித்தோரியோவின் கையில் ஃபியொரென்தீனா 2002இல் திவாலாகி, வேறு பெயரில் நான்காம் பிரிவிலிருந்து எழ வேண்டியதாயிற்று. ரோமா அணியின் ஃப்ராங்கோ சென்சி 2008இல் மறைந்தபின் மகள் ரோசெல்லா சிலகாலம் தாங்கினார். கடன் நெருக்க, 2011இல் அமெரிக்கர்கள் வாங்கினார்கள். சொத்து பிள்ளைக்கு வரும்; கைராசி வருமா?

மாசிமோவுக்கு அதுவும் வந்தது, தாமதமாக. நடுவர் நியமன விவகாரத்தில் யுவென்டசிடமிருந்து பறித்த 2006 பட்டம் (அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை) இன்டருக்கு வழங்கப்பட்டது. பின்னர் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து களத்திலேயே பட்டம் வென்றார்கள். மோரின்யோ பயிற்சியாளராயிருந்த 2010இல், மே 5 அன்று இத்தாலியக் கோப்பை. மே 16 அன்று சியெனாவில் 1-0 என்று வென்று லீக் பட்டம். அன்று மாசிமோவுக்கு 65ஆம் பிறந்த நாள். மே 22 அன்று மாட்ரிட்டில் பயர்ன் மூனிக்கை மிலித்தோவின் இரண்டு கோல்களால் வென்று, 45 ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பியக் கோப்பை. நமக்கு நள்ளிரவு தாண்டி ஆட்டம் தொடங்கிய இரவு அது. ஒரே பருவத்தில் மூன்றையும் வென்ற இத்தாலிய அணி அது ஒன்றே. இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய பதினொருவரில் ஒருவர்கூட இத்தாலியர் இல்லை. 1908இல் அந்த உணவகத்தில் சண்டை போட்டவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர் ஹாவியர் சானெத்தி, 1995இல் மாசிமோ வாங்கிய முதல் இருவரில் ஒருவர். அன்று எல்லார் கண்ணும் கூட வந்த ரம்பெர்ட் மேல்தான் இருந்தது. ரம்பெர்ட் வந்த வேகத்தில் போனார். சானெத்தி 19 ஆண்டுகளில் 850க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

பெரியவர்களுக்குச் சாவுக்கு முன் ஒருநாள் முகம் தெளியும் என்பார்கள். மாட்ரிட் இரவு அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம்.

நோய் வெளியிலிருந்தும் வந்தது, உள்ளேயும் இருந்தது. லண்டனில் 2003இல் ரஷ்யச் செல்வந்தர் ஒருவரும், மான்செஸ்டரில் 2008இல் அபுதாபி அரச குடும்பத்தவரும், பாரிசில் 2011இல் கத்தாரும் வந்திறங்கிய பிறகு, ஒரு சுத்திகரிப்பு ஆலையின் ஆதாயம் ஒரு நல்ல ஆட்டக்காரரின் விலைக்குப் போதவில்லை. அதே காலத்தில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம், அணிகள் தங்கள் வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. முறையான விதிதான். ஆனால் ஆண்டுக் கணக்கு முடியும்போது விழுகிற துண்டைக் குடும்பம் தன் பணத்தால் மூடுவதுதானே அந்த வழக்கத்தின் மூச்சே? அதற்கு வரம்பு கட்டியபோது மூச்சுக்கு வரம்பு கட்டியதாயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்கிய பேரன் ஆஞ்ஜெலோமாரியோ நிர்வாகத்தில் இருந்தார். ஆள் இல்லாமல் வாரிசு அறுந்தது என்று சொல்ல முடியாது.

கடைசி நாட்கள் அமைதியாகப் போயின. 2013 விற்பனைக்குப் பின் மாசிமோ கௌரவத் தலைவராக இருந்தார். 2014 அக்டோபரில் அதையும் விட்டார். மீதமிருந்த 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்கை 2016இல் விற்றார். அந்த ஆண்டு அணியை எடுத்த சீனத்துச் சூனிங் நிறுவனத்தில் ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள் என்பதால் சிலருக்கு ஆசை துளிர்த்தது. 26 வயதில் தலைவரான அந்த மகன் இரண்டு லீக் பட்டங்களைப் பார்த்தார். ஆனால் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான ஓக்ட்ரீயிடம் வாங்கிய கடன், வட்டியோடு 39 கோடி யூரோவைத் தாண்டி நின்றது. தவணை நாளில் கட்ட முடியாமல், 2024 மே 22 அன்று அணி கடன் கொடுத்தவர் கைக்குப் போயிற்று. மாட்ரிட் இரவின் 14ஆம் ஆண்டு நாள் அது. அதே ஆண்டில் மொராத்தி குடும்பம் சாராஸ் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கையும் வீத்தோல் என்ற எண்ணெய் வணிக நிறுவனத்துக்கு விற்றது. ஆலையும் போயிற்று, அணியும் போயிற்று. பெர்லுஸ்கோனி வைத்திருந்த ஏசி மிலானும் இப்போது அமெரிக்க நிறுவனத்திடம். துரினில் அன்யெல்லிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 2022இல் அந்திரேயா அன்யெல்லி விலகிய பிறகு தலைவர் நாற்காலியில் அந்தப் பெயர் இல்லை.

தன்னிடம் ஒரு பங்குகூட இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், இன்டர் பெரிய ஆட்டம் ஒன்றில் தோற்றாலோ வென்றாலோ, இத்தாலிய நிருபர்கள் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த மாசிமோவைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவரும் எடுத்துப் பதில் சொன்னார்.