நெய்வேலி சொல்லித் தந்த பாடம்
சீயமங்கலத்தான், மின்னியல் பிரிவு

 

“மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா” என்று சங்கச் செயலாளர் கேட்டார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுத நம்மில் பல பேர் இருப்பதால், நான் தொழில் சம்பந்தமான ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன்.

என் ஊர் சீயமங்கலம். தேசூர் பக்கம் உள்ள சின்ன கிராமம். மகேந்திர பல்லவன் குடைந்த குகைக் கோயில் உண்டு. எங்களுக்கு டவுன் என்றால் செஞ்சிதான். செஞ்சிக் கோட்டைக்கு வராதவர் யார்? விஜயநகரத்தார், நாயக்கர், பீஜப்பூர்க்காரர், 1677-ல் சிவாஜி, பிறகு மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். எல்லோரும் ஆள வந்தவர்கள். வெளிநாட்டார் தொழில் கற்றுக்கொடுக்கவும் வந்த காலம் ஒன்று, செஞ்சி அடங்கியிருந்த அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் பின்னால் வந்தது. அதுதான் நெய்வேலி.

கரி இல்லாத சீமை

அன்றைய சென்னை மாகாணத்தில் நிலக்கரி கிடையாது. வங்காளம், பீகார் பக்கமிருந்து ரயிலில் வரவேண்டும். பைகாரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்கள் இருந்தன. ஆனால் மழை பொய்த்தால் கரண்ட்டும் பொய்த்துவிடும். 1950-களிலும் 60-களிலும் கிராமம் கிராமமாக மின்சாரம் போய், கவலை இறைத்த கிணறுகளில் எல்லாம் மோட்டார் உட்கார்ந்தது. எங்கள் பக்கத்து மணிலாக் கொல்லைகளும் அப்படித்தான் பிழைத்தன. அத்தனை மோட்டாருக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்?

விடை பூமிக்கடியில் இருந்தது. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்புத் துகள்கள் வந்தன. பழுப்பு நிலக்கரி! 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது.

பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். வெகு தூரம் கொண்டுபோனால் தண்ணீருக்குத்தான் வண்டிக்கூலி. குவித்து வைத்தாலோ தானே தீப்பிடிக்கும். ஆகவே சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம் கட்டினார்கள்.

யார் யார் வந்தார்கள்?

திட்ட அறிக்கைக்குப் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம். மண்ணை வெட்டும் ராட்சத வாளிச் சக்கர இயந்திரங்களுக்கு மேற்கு ஜெர்மனி. மின் நிலையத்திற்குச் சோவியத் ஒன்றியம். உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த நாளில், இரண்டு முகாமும் ஒரே ஊரில் வேலை பார்த்தன! 1962-ல் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. 1970-ல் மொத்தம் 600 மெகாவாட் ஆயிற்று.

யாரும் தர்மத்துக்கு வரவில்லை. அவரவர்க்கு அவரவர் அரசியல், வியாபாரம். ஆனால் இயந்திரத்தோடு ஆளும் வந்தார், நம் ஆளும் அங்கே போனார் என்பதே அந்நாளைய ஒப்பந்தங்களின் சிறப்பு.

பல் தேய்ந்த கதை

ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்துச் சுரங்கங்களில் மேல்மண் மிருது. அங்கே பழகிய வாளிச் சக்கரம் நெய்வேலியில் இறங்கியபோது, கடலூர் மணற்பாறை அதன் பல்லைப் பதம் பார்த்தது. பற்கள் மளமளவென்று தேய்ந்தன. புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. முதலில் துளையிட்டு வெடி வைத்துப் பாறையை இளக்குவது, பிறகு சக்கரத்தை விடுவது, பல்லின் வடிவத்தையும் உலோகத்தையும் மாற்றுவது என்று நம்மவர்கள் வழி கண்டார்கள்.

இன்னொரு சிக்கல் தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் ஊற்று நீர் இருக்கிறது. இரவும் பகலும் பம்ப் ஓடி அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிளந்துவிடும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர் இறைக்க வேண்டும்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம், நம் மண்ணுக்கேற்ப அதைத் திருத்தும் அறிவை விலைக்கு வாங்க முடியாது. உடனிருந்து கற்றவனுக்குத்தான் அது வரும்.

பெரம்பூரும் கிண்டியும்

ரயிலிலும் இதே கதைதான். 1955 அக்டோபர் 2-ல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்கு வடிவமைப்பு சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்துடையது. அந்தப் பெட்டிகள் 2018 ஜனவரி வரை தயாராயின. அதே ஆண்டு அதே பெரம்பூரில் ‘டிரெயின் 18’ உருவாகி, 2019 பிப்ரவரியில் ‘வந்தே பாரத்’ என்று ஓடியது. கற்றுக்கொண்ட கை சொந்தமாக வரையத் தொடங்கிவிட்டது!

1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியுடன் கிண்டிக் காட்டோரம் ஐ.ஐ.டி. பிறந்தது. கருவிகள் வந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள், நம் இளம் ஆசிரியர்கள் ஜெர்மனி போய்ப் படித்துத் திரும்பினார்கள்.

இன்று?

நெய்வேலியின் அந்த முதல் மின் நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. ரஷ்ய டர்பைன் நின்றுபோயிற்று. அதை ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓட்டியவர்களின் அறிவு மற்ற நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வரலாற்றில் கணக்குத் தீராத ஒரு பக்கமும் உண்டு. நிலம் கொடுத்த கிராமங்களின் மனக்குறை அது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், வயலில் நின்ற நெற்பயிர் மேல் இயந்திரம் இறங்கியதைப் பார்த்த எந்த விவசாயி மகனுக்கும் சாப்பாடு இறங்கியிருக்காது. நிலம் போன வீட்டுப் பிள்ளைக்கு நிரந்தர வேலையும் நல்ல பயிற்சியும் கிடைத்ததா என்று கேட்பது நியாயமான கேள்வியே.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) வெளிநாட்டுக் கட்டுப்பாட்டு சிஸ்டம் வாங்கினோம். விலை குறைக்கும் பேரத்தில் பயிற்சிப் பிரிவை வெட்டிவிட்டார்கள். மென்பொருளுக்குப் பூட்டு, சாவி அவர்களிடம். ஒரு நாள் யூனிட் டிரிப் ஆனது. காரணம் என்னவாக இருக்கும் என்று எங்களுக்கு ஒரு யூகம் இருந்தும் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. அந்த நாட்டு எஞ்சினியர் விமானம் ஏறி வரும்வரை நாலு நாள் கைகட்டி நின்றோம். மிச்சம் பிடித்த பணம் அந்த நாலு நாளிலேயே போயிற்று.

ஆகவே நண்பர்களே, இரண்டு வேண்டுகோள். நம்மில் டெண்டர் எழுதும் பொறுப்பில் இருப்பவர்கள் பயிற்சிப் பிரிவை மட்டும் பேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சைட்டில் இருப்பவர்கள், நம் கல்லூரி மாணவர் இரண்டு பேரையாவது ஆண்டுதோறும் அழைத்துப் போய்ப் பக்கத்தில் நிற்க வையுங்கள். கிராமத்திலிருந்து, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டான் நமக்குச் சொல்லிக் கொடுத்ததை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒப்பந்தம் எதற்கு?

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!