ஆற்றுவிப்போர் யார்? பழந்தமிழ் இலக்கியத்தில் இரவுத் துயிலாமையும் தேற்றுதலும்

ஆய்வுச் சுருக்கம்

இரவில் உறங்க இயலாமல் அலமரும் மனத்தைப் பழந்தமிழ் நூல்கள் பல இடங்களில் பதிவு செய்துள்ளன. அம்மனத்தை ஆற்றும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அது எவ்வாறு இடம் மாறியது என்பதைக் குறுந்தொகை, முல்லைப்பாட்டு, நெடுநல்வாடை, திருக்குறள், திருவாய்மொழி ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தோழியும் முதுபெண்டிரும் உடனிருந்து ஆற்றிய நிலை, நெஞ்சைத் துணையாக நாடும் நிலை, நெஞ்சும் துணையாகாத நிலை என்னும் மூன்று நிலைகள் இதன்கண் எடுத்துக்காட்டப்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: ஆற்றுவித்தல், துயிலாமை, யாமம், தோழி, விரிச்சி, நெஞ்சு

முன்னுரை

நாளின் 60 நாழிகையை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. அவற்றுள் யாமம் நள்ளிரவை நடுவாகக் கொண்ட 10 நாழிகை. இன்றைய கணக்கில் நான்கு மணி நேரம். தொல்காப்பியம் யாமத்தைக் குறிஞ்சிக்கு உரியதாக வகுத்தது. உலகம் உறங்க வேண்டிய இப்பொழுதில் ஒருவர் மட்டும் விழித்திருக்கும் காட்சி அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. துயிலாமை பெரும்பாலும் காமநோயின் மெய்ப்பாடாகவே விளக்கப்படுகிறது. நோயுற்றவரை நோக்கிய அளவுக்கு, அவர் அருகே விழித்திருந்து ஆற்றியவரை நோக்குவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடன் விழித்திருக்கும் தோழி

பதுமனார் பாடிய குறுந்தொகை 6ஆம் பாடலில், மாந்தர் பேச்சடங்கி உறங்குகின்றனர், உலகமே உறங்குகிறது, உறங்காதவள் தான் ஒருத்தியே என்கிறாள் தலைவி. ஔவையார் பாடிய 28ஆம் பாடலில், தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரின்மீது அவள் சினம் கொள்கிறாள். இவ்விரண்டும் தனிமையின் உச்சமாகக் கருதத் தக்கவை. எனினும் இவ்விரு பாடல்களையும் தலைவி தோழியிடம் கூறியனவாகவே கூற்றுக் குறிப்புகள் வகுக்கின்றன. 'யான் ஒருத்தியே உறங்கவில்லை' என்னும் சொல்லைக் கேட்பதற்கு ஒருத்தி இருக்கிறாள். கூற்றுக் குறிப்புகள் பிற்காலத்தார் வகுத்தவை என்பது உண்மையே. ஆயினும் துயிலாதவளின் சொல்லுக்குக் கேட்போர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது மரபாக உணரப்பட்டிருந்ததை அவை காட்டுகின்றன.

கொல்லன் அழிசியின் 138ஆம் பாடல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. இங்குப் பேசுபவள் தோழி. ஊர் உறங்கியது, வீட்டருகே நின்ற நொச்சியின் கொம்பிலிருந்து நீலமணி போன்ற பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டபடி தாங்கள் உறங்கவில்லை என்கிறாள். பூ விழும் ஓசையும் செவிக்கு எட்டும் அளவுக்கு இரவின் அமைதியும் மனத்தின் பதற்றமும் ஒருங்கே உணர்த்தப்படுகின்றன. பாடலில் உள்ள 'யாம்' என்னும் பன்மை கருதத்தக்கது. தோழி பிறர் துயிலாமையை அறிவிப்பவள் அல்லள். அதில் பங்கு கொண்டவள். ஆற்றுவித்தல் என்பது சொல்லால் தேற்றுவதற்கு முன்பே, உடன் விழித்திருத்தலில் தொடங்குகிறது.

நற்சொல் கேட்டல்: முல்லைப்பாட்டு

நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு 103 அடிகளால் ஆனது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. இதில் ஆற்றுவித்தல் ஒரு சடங்காகவே நிகழ்கிறது. முதுபெண்டிர் மாலையில் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லைப்பூவும் தூவி வழிபட்டு விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாயைப் பிரிந்து வருந்தும் கன்றிடம், தாய்ப்பசுக்கள் இப்பொழுதே வந்துவிடும் என்று ஆயர்மகள் ஒருத்தி கூறும் சொல் அவர்கள் செவியில் விழுகிறது. கன்றுக்குச் சொன்ன ஆறுதலையே அரசிக்குரிய நற்சொல்லாகக் கொண்டு வந்து அவளைத் தேற்றுகின்றனர். அரசியின் கண்ணீர் நிற்கவில்லை. எழுநிலை மாடத்தில் பாவை விளக்கு எரிய, கூரையிலிருந்து வீழும் மழைநீரின் ஓசையைக் கேட்டவாறு, நெடிது நினைந்து தன்னைத் தானே தேற்றிக்கொள்ளவும் முயல்கிறாள்.

பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்டுப் பிடிகளை மறந்த களிறுகளையும், அவனுக்காக உயிர் நீத்த வீரரையும், அம்பு தைத்த வலியால் உணவு கொள்ளாத குதிரைகளையும் எண்ணியபடி கிடக்கிறான். அவனைச் சூழ்ந்து பலர் விழித்திருக்கின்றனர். கச்சில் வாள் செருகிய மகளிர் விளக்குகளை அணையாமல் காக்கின்றனர். நாழிகைக் கணக்கர் நீர்க்கன்னல் கொண்டு பொழுதை அறிவிக்கின்றனர். முதிய மெய்காப்பாளர் காற்றில் அசையும் பூங்கொடிபோல் உறக்கத் தள்ளாட்டத்துடன் காவல் சுற்றுகின்றனர். அரசனின் துயிலாமையைப் பாட வந்த புலவர், அரசனுக்காகத் துயில் இழந்த ஏவலரையும் காட்டியிருப்பது வரலாற்று நோக்கில் சிறப்புடையது. உறக்கம் எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டிய பொருள் அன்று.

சொல் தோற்கும் இடம்: நெடுநல்வாடை

நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. கூதிர்ப்பருவத்து யாமத்தைக் களமாகக் கொண்டது. போரில் வீழ்ந்த, நாற்பது வயது நிரம்பிய களிற்றின் தந்தத்தால் செய்த வட்டக்கட்டிலில் அரசி கிடக்கிறாள். உறக்கத்திற்கென அமைந்த கட்டிலே போர்க்களத்திலிருந்து வந்தது. மேற்கட்டியில் திங்களும் அதனைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அவள் பெருமூச்செறிகிறாள். சேடியர் அடி வருட, நரை கலந்த கூந்தலையுடைய செவிலியர் குறியவும் நெடியவுமான உரைகளைக் கூறுகின்றனர். துணைவர் இப்பொழுதே வந்துவிடுவார் என்கின்றனர். முல்லைப்பாட்டில் ஆயர்மகள் கன்றுக்குக் கூறிய அதே ஆறுதல் இது. அங்கு அது நற்சொல்லாயிற்று. பாட்டின் முடிவில் அரசனும் மீண்டு வந்தான். இங்கு அரசி அதனை ஏற்கவில்லை; அவள் துயர் மிகுகிறது. இதனை அடுத்து வருவது, பகைவரை வென்று போர் இப்பொழுதே முடிக என்னும் வேண்டுதல். துயிலாமையின் காரணம் போர். போர் முடியாமல் சொல்லால் மட்டும் மனம் ஆறாது என்பதைப் பாட்டின் அமைப்பே உணர்த்துகிறது.

அரசனோ யாமத்திலும் பள்ளி கொள்ளாமல் பாசறைக்குள் நடக்கிறான். வாடையில் விளக்கின் சுடர் சாய்ந்து எரிகிறது. வேப்பந்தழை கட்டிய வேலால் படைத்தலைவன் புண்பட்டோரைச் சுட்டிக்காட்ட, இளவீரன் ஒருவன் தோள்மீது கை வைத்தபடி அரசன் அவர்களை முகமலர்ந்து காண்கிறான். வேம்பு பாண்டியர் அடையாளம் ஆதலால் நச்சினார்க்கினியர் இப்பாட்டைப் புறம் என்றார். அகமா புறமா என்னும் அவ்விவாதத்திற்கு அப்பால் ஒன்று புலனாகிறது: தனக்கு ஆறுதல் காணாத அரசன் பிறரை ஆற்றுவிப்போனாகிறான்.

நெஞ்சை நாடுதல்: திருக்குறள்

காமத்துப்பாலில் இக்காட்சி மாறுகிறது. 1168ஆம் குறளில் எல்லா உயிர்களையும் உறங்கச் செய்த இரவுக்குத் தன்னையன்றித் துணை இல்லை என்று தலைவி இரங்குகிறாள். ஆறுதல் வேண்டியவளே இரவுக்கு ஆறுதலாகிறாள். முதுபெண்டிரோ விரிச்சியோ அங்கு இல்லை. 'நெஞ்சொடு கிளத்தல்' என்னும் 125ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், நோய் தீர்க்கும் மருந்தொன்றை எண்ணிச் சொல்லுமாறு நெஞ்சையே வேண்டுகிறாள். நெஞ்சை விளித்துப் பேசுதல் சங்கப் பாடல்களிலும் உண்டு. எனினும் அதற்கெனத் தனி அதிகாரம் அமைந்தமை, ஆற்றுவித்தல் உள்முகமாகத் திரும்பியதற்குச் சான்றாகும்.

நெஞ்சும் துணையாகாமை: திருவாய்மொழி

நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் நான்காம் பதிகம், ஊரும் உலகமும் உறங்கும் ஒரு நீண்ட இரவைத் தலைவி கூற்றாகப் பாடுகிறது. குறுந்தொகைத் தலைவியின் குரல் இதில் தொடர்ந்து ஒலிக்கிறது. ஆனால் இங்கு அன்னையரும் தோழியரும் 'உனக்கு என்ன' என்றும் வினவாமல் இரவெல்லாம் உறங்குகின்றனர். நெஞ்சும் தன் பக்கம் இல்லை என்கிறாள். சங்கப் பாடலில் உடன் விழித்திருந்தோர் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அகற்றப்பட்ட பின், ஆற்றக்கூடியவன் வாராத கண்ணன் ஒருவனே என்னும் நிலை எஞ்சுகிறது. பக்தியின் ஆழம் இத்தனிமையின் மீதே கட்டப்பட்டுள்ளது.

முடிவுரை

இந்நூல்கள் திணை மரபாலும் யாப்பாலும் நோக்கத்தாலும் வேறுபட்டவை. எனவே இம்மாற்றத்தை நேர்கோட்டு வளர்ச்சியாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் துயிலாத மனத்தின் அருகில் யார் இருந்தார் என்னும் வினாவுக்கு அவை தரும் விடைகள் தெளிவாக வேறுபடுகின்றன. சங்கப் பாடல்கள் துயிலாமையைத் தனியொருவரின் குறையாகக் கருதவில்லை. பிரிவு, போர் என அதன் காரணம் புறத்தே இருந்தது. அதனை ஆற்றுதல் உடனிருப்போரின் கடமையாக இருந்தது. அக்கடமையைச் சுமந்தோர் பெரும்பாலும் பெண்டிரும் ஏவலருமே. உறங்கா மனத்தை அவரவரே அடக்கிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் வலுத்துள்ள இக்காலத்தில், நொச்சிப்பூ உதிரும் ஓசையை உடனிருந்து கேட்ட தோழியின் இடம் தமிழ்ச் சமூக வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது.