மிரளும் பெருமீன்களும் தொட்டிக் காயங்களும்

கண்ணாடித் தொட்டியில் வளரும் பெரிய மீன்கள் மிரண்டு பாயும்போது மூக்கு, கண், செதில், துடுப்பு ஆகியவற்றில் அடிபடுகின்றன. சில சமயம் தொட்டியை விட்டே துள்ளி விழுகின்றன. தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் மீன்களில் பாலா ஷார்க், வெறும் ‘ஷார்க்’ என்று விற்கப்படும் பங்காசியஸ் கெளுத்தி, சில்வர் டாலர், டின்ஃபாயில் பார்ப், அரோவனா ஆகியவை இதற்குப் பேர்போனவை. உள்நாட்டு மீன்களில் விராலும் மஹ்சீர் கெண்டையும் சேரும். இந்தக் காயங்களில் பெரும்பாலானவை மருந்துக்கடையில் தீர்வன அல்ல. தொட்டி வாங்கும் அன்றே முடிவாகிவிடுவன.

திருநெல்வேலியின் தாமிரபரணிக் கரையில் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டால் பெரிய மீன்கள் குளிப்பவர் காலருகே வந்து மொய்க்கும். அங்கே அவற்றைப் பிடிப்பாரில்லை. பயந்தாலும் ஒரு வீச்சில் ஆழத்துக்குப் போய்விடலாம். காரையாறு, முண்டந்துறைப் பக்கத்து ஆற்றின் கசங்களில், அதாவது ஆழமான மடுக்களில், வாழும் மீனுக்கும் பாறையிடுக்கு, நிழல், ஓட்டம் என்று ஒதுங்க வழி உண்டு. கண்ணாடித் தொட்டியில் மிரட்சி அப்படியே இருக்கிறது. ஒதுங்குமிடம் மட்டும் இல்லை.

பாய்ச்சலும் மோதலும்

மீனின் பின்மூளையில் மௌத்னர் செல்கள் எனப்படும் பெரிய நரம்பணுக்கள் ஒரு சோடி உள்ளன. அதிர்வோ ஓசையோ பட்டதும் இவை தூண்டப்பட்டு, கண் இமைப்பதற்குள் உடல் வில்லாக வளைந்து பாய்கிறது. எத்திசையில் கண்ணாடி இருக்கிறது என்று பார்க்க அவகாசமே கிடையாது. ஐந்து செ.மீ. குஞ்சு மோதினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே மீன் ஒரு கிலோ எடைக்கு வளர்ந்தபின் மோதினால் மூக்குத் தோல் கிழியும், கண் வீங்கும், தாடை கோணிப்போகும்.

அடுத்த சிக்கல் இன்னும் மோசமானது. கெண்டை, கெளுத்தி முதலியவை அடங்கிய பெருங்குழு மீன்களின் தோல் கிழிந்தால் ஒரு வேதிப்பொருள் நீரில் கலந்து மற்ற மீன்களையும் மிரளவைக்கிறது. கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938-இல் இதைக் கண்டறிந்தார். தேனீக்களின் நடன மொழியை விளக்கி 1973-இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. பாலா ஷார்க், பங்காசியஸ், சில்வர் டாலர், மஹ்சீர் ஆகியவை எல்லாம் இந்தப் பெருங்குழுவைச் சேர்ந்தவை. ஒன்று அடிபட்டால் தொட்டி முழுக்க அமளியாவதற்கு இதுவும் ஒரு காரணம். அரோவனாவும் விராலும் இக்குழுவில் இல்லை.

தொட்டியின் அளவு

வீடுகளில் பரவலாகக் காணும் நாலடித் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்டது. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர் பிடிக்கும். அகலம் 45 செ.மீ. பாலா ஷார்க் 35 செ.மீ. வரை வளரும், அது திரும்பவே சிரமப்படும். வெள்ளி அரோவனா 90 செ.மீ.யை எட்டக்கூடியது. பங்காசியஸ் ஒரு மீட்டரையும் தாண்டும். இதைக் குஞ்சாக வாங்கி நாலடித் தொட்டியில் விடுவது, காயத்தைத் தவணை முறையில் வாங்குவதுதான். வளர்ந்த மீனின் நீளத்தைப்போல் நான்கைந்து மடங்கு நீளமும், குறைந்தது ஒன்றரை மடங்கு அகலமும் உள்ள தொட்டி வேண்டும். உயரம் அவ்வளவு முக்கியமில்லை.

இடம் இருப்பவர்களுக்கு முற்றத்துச் சிமென்ட் தொட்டியே மேல். பக்கவாட்டில் ஆள் நடமாட்டம் தெரியாததால் மீன் அடங்கியிருக்கும். உட்புறத்தை வழவழப்பாகப் பூச வேண்டும். புதுச் சிமென்ட்டின் காரம் போக, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றிய பிறகே மீன் விடலாம். மீன்கொத்திக்கும் பூனைக்கும் மேலே வலை கட்டாயம்.

மிரட்சியைக் குறைத்தல்

தொட்டியை வாசலுக்கு எதிரே, டிவிக்கு அருகே, மாடிப்படிக்குக் கீழே வைக்கக் கூடாது. ஆடிக் காற்றில் கதவு அறைந்து சாத்தும் வட்டாரம் இது. அந்த ஓர் அதிர்வே போதும். பின்பக்கமும் இரு ஓரங்களும் கருநீலத் தாளால் மறைக்கப்பட்டால் மீனுக்குச் சுவர் இருப்பது தெரியும். ரத வீதிகளில் குடியிருப்போர் தேர்த் திருவிழா வேட்டுக்கும், மற்ற எல்லோரும் தீபாவளிக்கும் முன்பே தொட்டி மேல் கனத்த போர்வை போட்டு, ஓரமாக ஒரு சீரோ வாட்ஸ் பல்பை எரியவிடுவது நல்லது. போர்வை காற்றுக் குழாயை அடைக்கக் கூடாது.

விளக்குதான் அதிகம் கவனிக்கப்படாத காரணம். இருட்டில் கிடந்த மீனுக்கு மேல் சட்டென வெளிச்சம் விழுந்தால் அது பாயும். காலையில் அறை விளக்கு முதலில், தொட்டி விளக்கு அரைமணி கழித்து. இரவில் இதற்கு நேர்மாறு. மின்தடை நீங்கித் தானாக விளக்கு எரியும் அமைப்பு வேண்டாம்.

கூட்டமாக வாழும் இனங்களை ஒன்றிரண்டாக வைத்தால் மிரட்சி கூடும். ஐந்தாறு இருந்தால் அடங்கும். கூர்முனை மரக்கட்டை, உடைகல், விறைப்பான பிளாஸ்டிக் செடி ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். நீந்தும் நடுப்பகுதி காலியாக இருக்கட்டும். ஹீட்டரின் கண்ணாடிக் குழாயைப் பெரிய மீன் உடைத்துவிடும். திருநெல்வேலி வெயிலில் பெரும்பாலும் அது தேவையும் இல்லை.

மூடி இல்லாத தொட்டியில் அரோவனாவும் விராலும் தங்கா. கனத்த கண்ணாடி மூடியில் தலை மோதும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை மூடி மென்மையானது. குழாய் நுழையும் சந்தையும் அடைக்க வேண்டும்; விராலுக்கு அந்தச் சந்தே வாசல்.

நீரே மிரட்சியாவதும் உண்டு. குளோரின் கலந்த குழாய் நீரை அப்படியே ஊற்றினால் செவுள் எரிந்து மீன் கண்மூடித்தனமாகப் பாயும். நீரை ஒருநாள் திறந்து வைக்கலாம், அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கியைக் கலக்கலாம். சித்திரை மதியத்தில் மாடித் தொட்டியின் கொதிநீரையும் தவிர்க்க வேண்டும்.

பிடித்தலும் கொண்டுவருதலும்

பெரிய மீனை வலையில் அள்ளித் தூக்கினால் செதில் உதிரும், துடுப்பு முள் சிக்கும். நீர்மட்டத்தைக் குறைத்து, அறையை இருட்டாக்கி, இருவர் சேர்ந்து மீனை நீருக்குள்ளேயே பெரிய பையிலோ டப்பிலோ ஒதுக்கி, நீரோடு தூக்க வேண்டும். சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து 600 கி.மீ.க்கு மேல் பயணித்து வரும் பெட்டியைப் பளிச்சென்ற வெளிச்சத்தில் திறக்கக் கூடாது.

காயம் பட்டபின்

சிறு சிராய்ப்புக்குச் சுத்தமான நீரும் அமைதியும் போதும். கால்வாசி நீரை மாற்றி, விளக்கை அணைத்து, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பு சேர்க்கலாம். கெளுத்திகளுக்குக் குறைவாகத் தொடங்க வேண்டும். பஞ்சு போல் வெண்மை படர்ந்தால் பூஞ்சை. சிவந்து குழிந்தால் பாக்டீரியா. அப்போது கடைக்காரர் சொல்லும் ஆன்டிபயாட்டிக்கைவிட, 1977-இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடங்களில் கேட்பது உசிதம்.

களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தொட்டிக்காக மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். தொட்டியில் அடங்காமல் வளர்ந்த வெளிநாட்டு மீனைத் தாமிரபரணியிலோ அதன் கால்வாய் பாயும் குளங்களிலோ விடவும் கூடாது. அந்த ஆற்றுக்கே உரிய தாமிரபரணிக் கெண்டை போன்ற மீன்கள் ஏற்கெனவே அழிவின் விளிம்பில் உள்ளன. வளர்க்க முடியாத மீனைக் கடைக்கோ, பெரிய தொட்டி உள்ளவருக்கோ கொடுத்துவிடுங்கள்.