சால்மன் நஞ்சு: ஒரு பிழைப்பெயரின் வரலாறு

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவின் வடபகுதி தொடங்கி ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் வரை, கேஸ்கேட் மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், பச்சைச் சால்மன் மீனைத் தின்ற நாய்கள் ஒரு வாரம் கழிந்ததும் கடுங்காய்ச்சல் கண்டு, இரையை மறுத்து, வாந்தியாலும் குருதிக் கழிச்சலாலும் மெலிந்து, பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துபோவதைக் குடியேறிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள அஸ்டோரியாவில் தங்கியிருந்த விலங்குத்தோல் வணிகர் அலெக்சாண்டர் ஹென்றி, பச்சைச் சால்மன் நாய்க்கு ஆகாது என்பதை 1814-இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இந்நோய் பற்றிய முதல் எழுத்துச் சான்றாக அதுவே கொள்ளப்படுகிறது.

மீனில் ஏதோ நஞ்சு உள்ளது என்று முடிவுகட்டிய மக்கள், நோய்க்குச் 'சால்மன் நஞ்சு' என்றே பெயரிட்டனர். ஒருமுறை நோயுற்றுப் பிழைத்த நாய் பிறகு எவ்வளவு மீன் தின்றாலும் அதற்கு ஒன்றும் நேராது என்பதும் அவர்கள் பட்டறிவால் கண்டது. நஞ்சுக்கு இல்லாத இயல்பு அது, தொற்றுநோய்க்கே உரியது. பெயரில் தவறியவர்கள் கவனிப்பில் தவறவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

1920-களில் ஆரிகன் வேளாண் கல்லூரியைச் சேர்ந்த டோன்ஹம், சிம்ஸ் ஆகியோர் இதை ஆராயத் தொடங்கினர். மீனின் தசையிலும் சிறுநீரகத்திலும் பொதிந்திருந்த நுண்ணிய கூடுகளுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென 1925-இல் டோன்ஹம் வெளியிட்டார். அக்கூடுகளிலிருந்து நாயின் சிறுகுடலில் வளரும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டைப்புழுவை, அதாவது இலைபோல் தட்டையான உடலுடைய ஒட்டுண்ணியை, 1926-இல் சாப்பின் என்ற ஆய்வாளர் விவரித்து 'நானோஃபையஸ்' என்ற பேரினத்தில் வைத்தார். அப்பெயர் முன்னரே ஒரு கூன்வண்டினத்துக்குச் சூட்டப்பட்டிருந்ததால், மறு ஆண்டே அது 'நானோஃபையீட்டஸ்' என்று மாற்றப்பட்டது.

இப்புழுவின் வாழ்க்கை மூன்று உயிர்களை நம்பியது. நாய், ரக்கூன் முதலியவற்றின் மலத்தோடு வெளியேறும் முட்டையிலிருந்து தோன்றும் இளவுயிரி ஆற்று நத்தையுள் புகுந்து பெருகுகிறது. நத்தையிலிருந்து வால்கொண்டு நீந்தும் புழுக்களாக வெளிவந்து, மீனின் தோலைத் துளைத்து உள்ளே கூடு கட்டிக்கொள்கிறது. அம்மீனைப் பச்சையாகத் தின்னும் விலங்கின் குடலில் முதிர்ந்து மீண்டும் முட்டையிடுகிறது. இதில் நத்தைதான் எல்லைக்காவலன் எனலாம், ஏனெனில் 'ஜூகா' பேரினத்தைச் சேர்ந்த அந்த நத்தை வாழும் ஆறுகளின் எல்லையே நோயின் எல்லையுமாக அமைந்தது. ஆயினும் ஆற்றில் கூடுகளைப் பெற்ற சால்மன், கடலில் கழிக்கும் ஆண்டுகளிலும் அவற்றைச் சுமந்தே திரிவதால், தொலைவில் பிடிபட்ட மீனும் நாயைக் கொல்லக்கூடும்.

புழுவைக் கண்டதும் குற்றவாளி அகப்பட்டதாகவே தோன்றியது. ஆனால் நோயுற்ற நாயின் குருதியைச் செலுத்தினாலே, குடலில் ஒரு புழுவும் இல்லாத நாய்க்கும் அதே நோய் வருவதை 1930-களின் தொடக்கத்தில் சிம்ஸ் குழுவினர் காட்டியபோது வழக்கு திசைமாறியது. 1950-இல் கார்டி, கோர்ஹம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நாய், நரி ஆகியவற்றின் நிணநீர்க் கணுக்களில் ரிக்கெட்சியா போன்ற, உயிரணுவுக்குள்ளேயே வாழும் நுண்ணுயிரைக் கண்டனர். 1953-இல் அதற்கு 'நியோரிக்கெட்சியா ஹெல்மின்தோயீக்கா' என்று பெயரிடப்பட்டது. பின்சொல்லுக்குப் 'புழுவில் குடியிருப்பது' என்பது பொருள். புழு வெறும் ஊர்தி. தன் முட்டை வழியாகவே தலைமுறைதோறும் அது அந்நுண்ணுயிரைக் கடத்துகிறது. அதே மீனைத் தின்னும் பூனையின் குடலில் புழு வளர்ந்தாலும், பூனைக்கு இந்நோய் வருவதில்லை.

டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தபின், உரிய காலத்தில் கண்டறியப்பட்ட நாய்களைப் பிழைக்கவைப்பது எளிதாயிற்று. தடுப்பூசி மட்டும் இன்றுவரை விற்பனைக்கு வரவில்லை. மீனை நன்கு வேகவைப்பதோ, -20 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் உறையவைப்பதோதான் காப்பு.