கியா பார்ம் ஆடும் கரிசல் ஆடும்

வெப்பமானியை மட்டும் நம்பினால் கேமரன் மலை ஆட்டுக்குச் சொர்க்கம். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் வரும் கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பகலில் வெப்பம் 25 டிகிரியை எட்டுவதே அரிது. இரவில் 15-ஐ ஒட்டி இறங்கும். உடம்புச் சூட்டைக் காக்க வளர்ந்த ஆடு தனியாகப் பாடுபட வேண்டாத வெப்பநிலை இது. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டிக் கரிசல் நிலமோ இதற்கு நேர் எதிர். கோடையில் 38, 40 டிகிரி சாதாரணம். ஒதுங்க நிழல் கிடைப்பதே பெரும்பாடு.

அப்படியானால் மலை ஆடு சுகமாகவும் கரிசல் ஆடு துன்பத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. அளவுகோலாக, பிரிட்டனின் பண்ணை விலங்கு நல மன்றம் 1979-இல் வகுத்த ஐந்து விடுதலைகளை எடுத்துக்கொள்ளலாம். பசி தாகத்திலிருந்தும், வசதிக் குறைவிலிருந்தும், வலி நோயிலிருந்தும், அச்சத்திலிருந்தும் விலங்குக்கு விடுதலை வேண்டும். தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் உரிமையும் அதற்கு வேண்டும்.

வெயிலும் ஈரமும்

ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் 39 டிகிரி அளவு. ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடும். கரிசல் வெயிலில் அது நூறைத் தாண்டி இரைக்கும். இரைக்கிற ஆடு தீனியைக் குறைக்கும். தீனி குறைந்தால் பால் குறையும், சினை தங்காது, பிறக்கும் குட்டி எடை குறைந்து நோஞ்சானாக இருக்கும். ஆனால் இந்தத் துன்பம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆடு வாயைத் திறந்து இரைப்பதைச் சிறுபிள்ளையும் காணும். அதனால்தான் விடிகாலையில் பத்திக்கொண்டு போவது, உச்சிப் பொழுதில் வேம்படியில் மடக்குவது, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் விடுவது என்று மேய்ப்பவர்கள் ஒரு நேர ஒழுங்கைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். அங்குள்ள கன்னி ஆடும் கொடி ஆடும் நெட்டைக் காலும் ஒட்டிய உடம்புமாக அந்த வெயிலுக்கென்றே உருவானவை.

கேமரன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோவில்பட்டியில் பெய்வது 700 சொச்சம். அளவைவிட முக்கியம், மலையில் மழை ஓய்கிற மாதமே இல்லை என்பது. ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் என இரண்டு உச்சங்கள். இடைப்பட்ட மாதங்களிலும் பனிமூட்டம் விலகாது. ஆட்டின் ரோமம் நனைந்துவிட்டால் உடம்புச் சூட்டைக் காக்கும் காற்றடுக்கு போய்விடும். பிறகு 15 டிகிரியே கடுங்குளிர். முதலில் மடிவது குட்டிகள்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டின் மூதாதை மேற்கு ஆசியாவின் வறண்ட மலைகளில் வாழ்ந்தது. மலை அதற்குப் புதிதல்ல, ஈரம்தான் புதிது. மலேசியப் பண்ணைகளில் பெயர்பெற்ற இனங்களைப் பாருங்கள். ஜம்னாபாரி உத்தரப் பிரதேசத்து யமுனை, சம்பல் ஆற்றோரத்து ஆடு. போயர் தென்னாப்பிரிக்காவின் வறண்ட புல்வெளியிலிருந்து வந்தது. சானென் சுவிட்சர்லாந்து இனம். மலேசிய மழைக்குப் பழகியது சின்ன உருவக் கம்பிங் காச்சாங் ஒன்றுதான். எடை குறைவு என்று சந்தை அதை ஒதுக்கிவிட்டது.

தீனி

கரிசல் ஆட்டின் பசிக்குப் பருவம் உண்டு. கோடையில் புல் கருகும். அப்போது கைகொடுப்பவை மரங்கள். உடை மரத்து உடங்காய், கருவேலங்காய், ஊரே சபிக்கும் சீமைக்கருவேலத்தின் நெற்றுக்கூட ஆட்டுக்குப் புரதம்தான். மழை பொய்த்த ஆண்டில் இதுவும் போதாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய ஆண்டில் ஆடு பட்டினியால் சாவதற்கு முன்னரே வந்த விலைக்குச் சந்தையேறிவிடும்.

கேமரன் மலையில் எங்கும் பச்சை. ஆனால் அந்தப் பச்சை ஆட்டுக்கு உரியதல்ல. தேயிலைக்குள் ஆட்டை விட முடியாது. மீதிச் சரிவுகளைக் காய்கறித் தோட்டங்களும் பிளாஸ்டிக் கூடாரங்களும் பிடித்துக்கொண்டன. ஓரத்துப் புல்லில் களைக்கொல்லி தெளித்திருக்கலாம். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை மலேசியா 2020-இல் தடை செய்தது நல்ல செய்தி. ஆனாலும் மற்ற மருந்துகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே அங்கே ஆடு வளர்ப்பவருக்குச் சுலபமாகக் கிடைப்பது காய்கறிக் கழிவு. முட்டைக்கோசு விளையும் ஊரில் வெளியிலைக்குப் பஞ்சமில்லை. வயிறு நிறைகிறது என்று அதையே நாள்தோறும் போட்டால் இரண்டு ஆபத்துகள். மருந்து எச்சம் ஒன்று. கோசுக் குடும்பத்து இலையில் உள்ள கந்தகச் சத்து ஆட்டின் பெருவயிற்றில் சிதைந்து, இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் பொருளாக மாறுவது மற்றொன்று. சிறிது கொடுத்தால் தீங்கில்லை. அதுவே முழுத் தீனியானால் ஆடு இரத்தசோகையில் விழும். பசியிலிருந்து விடுதலை என்பது வயிறு நிறைவது மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நோய்

இரத்தசோகைக்கு மலையில் இன்னொரு காரணமும் உண்டு. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் என்னும் உருளைப்புழு. பெண்புழு ஒன்று நாளுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். புழுக்கையோடு வெளியேறிப் பொரிக்கும் இளம்புழு, புல்லில் படிந்த நீர்ப்படலத்தில் ஏறி ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கும். கரிசலில் இது ஐப்பசி, கார்த்திகைத் தொல்லை. மற்ற மாதங்களில் சுடுமண்ணே புழுவைக் கொன்றுவிடும். மலையில் அந்த இடைவெளி கிடையாது. மருந்தை அடிக்கடி கொடுத்தால் புழு அதற்குப் பழகிக்கொள்கிறது. பென்சிமிடசோல் வகை மருந்துகள் பலிக்காமல் போனது மலேசிய ஆட்டுப் பண்ணைகளில் 1990-களிலேயே தெரியவந்தது.

ஈரக் கொட்டகையில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா நுரையீரலை அரிக்கும். அடிவாரத்து 33 டிகிரியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் லாரியில் வந்திறங்கும் ஆடு அன்றிரவே குளிரில் நடுங்கினால், சில நாட்களில் சளிக்காய்ச்சல் பிடிக்கும். கல்லில் தேயாத குளம்பு நீண்டு வளர்ந்து, ஈரத்தில் ஊறி அழுகும்.

கரிசல் ஆட்டுக்கு நோயில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் கண்டறியப்பட்டதே தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். முதல் மழைத் துளிர்ப்புல்லை ஆவலாக மேய்ந்தால் துள்ளுமாரி வரும். வறண்ட நாட்டுக்கும் வெள்ளம் வரும் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரையோடு தரையாக இருந்த தொழுவங்களில் கட்டிக்கிடந்த கால்நடைகளுக்கு ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லை.

இரண்டு இடத்து நோய்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கரிசலில் நோய் அலையாக வந்து போகிறது. தடுப்பூசிக்கு நாள் குறிக்கலாம். மலையில் நோய் சொட்டுச் சொட்டாக நடக்கிறது. ஆடு மேய்கிறது, அசைபோடுகிறது, ஒருநாள் தாடை வீங்கிச் சுருண்டு விழுகிறது. அதுவரை எதுவும் தெரியாது.

நடையும் அடைப்பும்

இயல்புப்படி வாழ்வதில் கரிசல் ஆடு பணக்காரன். நாளெல்லாம் நடக்கிறது, முன்னங்காலைத் தூக்கிக் கிளையை வளைக்கிறது, நூறு செடியில் நுனி கிள்ளுகிறது. எந்தத் தழையை எப்போது தின்பது என்று அதுவே தீர்மானிக்கிறது. மலை ஆட்டுக்குப் பெரும்பாலும் கொட்டகையே உலகம். பெரிய ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. அதைவிட நெருக்கினால் கொம்புள்ளது இல்லாததை முட்டித் தீவனத் தொட்டியிலிருந்து விரட்டும்.

மலையின் சுற்றுலாவும் ஆட்டின்மேல் ஏறி உட்கார்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஆட்டுக்கும் முயலுக்கும் தீனி கொடுக்கவிடும் இடங்களில், விடுமுறை நாளில் கை மாறி கை நீட்டப்படும் கேரட்டும் ரொட்டியும் பெருவயிற்றில் புளித்து அமிலமாகும். ஒதுங்கிப் போக இடமில்லாத ஆட்டுக்குக் கூட்டமே அச்சம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டம் கொடுமைக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. விலங்கின் தேவையைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை என்றும் சொல்கிறது. இந்தியாவின் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஏட்டில் மலை ஆடு வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஆனால் அடித்தால் தெரியும் காயத்தைப் பிடிப்பது சட்டத்துக்கு எளிது. நனைந்த தரையையும் இரத்தசோகையில் வெளுத்த இமையையும் வழக்காக்குவது கடினம். அங்கே வளர்ப்பவரின் கண்தான் சட்டம்.

தீர்ப்பு

வசதியில் மலை முந்துகிறது என்ற முதல் எண்ணம் நிலைக்கவில்லை. கரிசலின் துன்பம் கடுமையானது, ஆனால் வெளிப்படையானது. மலையின் துன்பம் மென்மையானது, ஆனால் மறைவானது, ஓய்வில்லாதது. சராசரி வெப்பநிலையை வைத்து ஆட்டின் நலத்தை அளந்தால் மலை ஆட்டை நாம் கைவிட்டவர்களாவோம்.

இரண்டு இடமும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கலாம். கரிசல்காரர் தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் மலேசியாவின் பரண் கொட்டகையை எடுத்துக்கொள்ளட்டும். ஆண்டு முழுவதும் அதில் அடைக்க வேண்டாம், ஐப்பசி கார்த்திகை இரவுகளுக்கு மட்டும் போதும். கியா பார்ம் பக்கம் வளர்ப்பவர் கரிசலிடமிருந்து மரத்தழையையும் நடையையும் எடுத்துக்கொள்ளட்டும். பனி உலர்ந்தபின் கொஞ்ச நேரம் வெளியே விடுங்கள். தழையை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கோசு இலையைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள். பரணுக்குக் கீழே புழுக்கை தேங்காமல் வாருங்கள், சாரல் அடிக்கும் பக்கத்தை மறையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை அந்த நிறத்தை ஐந்து படியாகப் பிரிக்கிறது. சிவப்பு என்றால் நலம், வெளுப்பு என்றால் ஆபத்து. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் புழுவும் மருந்துக்குச் சீக்கிரம் பழகாது. ஆட்டுக்கு அரை நிமிடம் ஆகும் இந்தச் சோதனையை மலையில் ஆடு வைத்திருக்கும் யாரும் தள்ளிப்போடக் கூடாது.