கொழும்பில் பிறந்தவரும் அந்த நால்வர் குழுவும்

அறுபதுகளில் எம்முடன் விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடியிருப்போம். ஆங்கில ஒலிபரப்பில் 'த சீக்கர்ஸ்' குழுவின் பாட்டு வந்தால் கதை பேச்செல்லாம் அடங்கிவிடும். அந்த நால்வரில் ஒருவர் எங்கள் கொழும்பில் பிறந்தவர் என்பது அன்று எமக்குத் தெரியாது.

அவர் கீத் பொட்ஜர். 1941இல் கொழும்பில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் அவுஸ்திரேலியா சென்றவர். மெல்பேர்னில் தம்முடன் படித்த அதொல் கை, புரூஸ் வூட்லி ஆகியோருடன் சேர்ந்து பாடினார். 1962இன் இறுதியில் ஜூடித் டேர்ஹாம் இவர்களுடன் இணைந்தார். அப்போது அவருக்கு வயது 19. அதொல் கை வேலை செய்த விளம்பர நிறுவனத்தில் அவர் காரியதரிசியாக இருந்தார்.

1964இல் நால்வரும் 'பெயர்ஸ்கை' என்ற கப்பலில் பயணிகளுக்குப் பாடிக்கொண்டே இலண்டன் போய்ச் சேர்ந்தார்கள். சில வாரங்களில் திரும்பிவிடுவதே அவர்களின் எண்ணம். ஆனால் ரொம் ஸ்பிறிங்பீல்ட் எழுதிக் கொடுத்த 'ஐல் நெவர் பைண்ட் அனதர் யூ' 1965 பெப்ரவரியில் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் 'த கார்னிவல் இஸ் ஓவர்' மீண்டும் முதலிடத்தைப் பிடித்தது. அதன் மெட்டு ஒரு பழைய ரஷ்ய நாட்டார் பாடலுடையது. பின்னர் வந்த 'ஜோர்ஜி கேர்ள்' ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1967 மார்ச்சில் மெல்பேர்னின் சிட்னி மயர் திறந்தவெளி அரங்கில் அவர்கள் பாடியபோது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அவ்வாண்டுக்கான 'சிறந்த அவுஸ்திரேலியர்' விருது நால்வருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

இந்த உச்சத்தில் நின்றுகொண்டுதான், 1968 பெப்ரவரியில், தான் விலகப் போவதாக ஜூடித் மற்ற மூவருக்கும் சொன்னார். ஆறு மாத அவகாசம் கொடுத்தார். ஜூலையில் பி.பி.சி. தொலைக்காட்சியில் பிரியாவிடை நிகழ்ச்சி நடந்தது. ஜூடித்துக்கு வயது 25. ஒரு பெண் தன் பாதையைத் தானே தேர்ந்ததற்கு மூன்று ஆண்களின் தொழிலும் விலையாயிற்று. அந்த முடிவு இலேசானதல்ல, தவறென்றும் நான் சொல்லமாட்டேன். மூவரும் வேறு வழிகளைத் தேடிக்கொண்டார்கள். பொட்ஜர் 1969இல் 'நியூ சீக்கர்ஸ்' குழு உருவாகக் காரணமாக இருந்தார். வூட்லி 1987இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய 'ஐ ஆம் ஒஸ்ரேலியன்' பாடலை இன்று அந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஜூடித் தனியாகப் பாடினார், ஜாஸ் இசையிலும் ஈடுபட்டார்.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 1993இல், அதே நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி பரா ஒலிம்பிக் நிறைவு விழாவில், இடுப்பெலும்பு முறிந்திருந்த ஜூடித் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடினார். 2013இல் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்ட பின்னரும், அடுத்த ஆண்டு இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பாடித்தான் ஓய்ந்தார். 2022 ஓகஸ்ட் 5ஆம் திகதி மெல்பேர்னில் அவர் காலமானார்.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் இவர்களுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நாங்களும் ஒரே மண்டபத்தில் சேர்ந்து பாடிவிட்டு, மெல்பேர்ன், இலண்டன், ரொறன்ரோ என்று பிரிந்தவர்கள்தான். சிலர் சொல்லிக்கொண்டு போனோம். சிலருக்குச் சொல்லிக்கொள்ளவும் நேரம் கிடைக்கவில்லை. பிரிந்தவர்கள் திரும்பக் கூடலாம் என்பதற்கு அந்த நால்வர் சாட்சி. அடுத்த ஒன்றுகூடலுக்கு வாருங்கள், சகோதரிகளே. சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.