குணப்பெயர்களும் துணைத்தேர்வும்: சொற்பட்டியல்களின் வரலாறு

1. முன்னுரை

ஒருவர் பிறரைக் கவர்வதற்கும், வாழ்க்கைத் துணையாகவோ நண்பராகவோ தெரிந்தெடுக்கப்படுவதற்கும் அவருடைய ஆளுமை எவ்வளவு காரணமாகிறது என்னும் வினா உளவியலுக்கு உரியதாகக் கருதப்படுகிறது. ஆனால் ஆளுமையை அளக்க முற்பட்டோர் கையில் எடுத்த முதற்கருவி அகராதியே ஆகும். மக்கள் தம்முள் இன்றியமையாதனவாகக் கண்ட வேறுபாடுகள் யாவும் சொற்களாக மொழியில் படிந்திருக்கும் என்பது அவர்தம் எடுகோள். எனவே எம்மொழியின் அகராதி எடுக்கப்பட்டது, அதிலிருந்து எச்சொற்கள் நீக்கப்பட்டன, எஞ்சியவை பிற மொழிகளில் எவ்வாறு பெயர்க்கப்பட்டன என்பவை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராய வேண்டிய செய்திகளாகும். 'ஒத்தவர் ஒத்தவரையே நாடுகின்றனரா' என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடை, கையாளப்பெறும் பட்டியலில் உள்ள சொற்களைப் பொறுத்து மாறுகிறது. இதனைச் சில சான்றுகள் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொல்காப்பியத்தின் இரு பட்டியல்கள்

தலைவனும் தலைவியும் ஒத்தவராதல் வேண்டும் என்பது அகத்திணை மரபின் அடிப்படை. தலைவன் மேம்பட்டவனாயினும் விலக்கில்லை என்று களவியல் கூறுகிறது. இவ்வொப்பின் வகைகளை மெய்ப்பாட்டியலின் இறுதிப் பகுதி பத்தாக எண்ணிக் காட்டுகிறது. அவற்றுள் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, திரு ஆகியவை புறத்தார்க்குப் புலனாவன. ஆண்மை, நிறை, அருள், உணர்வு ஆகியவை அகப்பண்புகள். காமவாயில் இருவர்க்கும் இடையே எழும் ஈர்ப்பைச் சுட்டுவது. குலமும் செல்வமும் மட்டுமன்றி, மனத்தை ஒருவழி நிறுத்தும் அடக்கமும் பிறர்மாட்டுக் கொள்ளும் அருளும் துணையின் பொருத்தத்துக்கு அளவாகக் கொள்ளப்பட்டமை இதனால் விளங்கும்.

இப்பட்டியலில் 'ஆண்மை' என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. பத்தும் இருவர்க்கும் பொது என்பதால், அச்சொல் இங்கு ஆணுக்குரிய தன்மையைக் குறித்தல் இயலாது. ஆள் என்னும் வினையடியோடு மை விகுதி சேர்ந்து, கேள் என்பது கேண்மை ஆவது போல, ஆண்மை என்றாகும். வேளாண்மை, தாளாண்மை ஆகிய சொற்களில் இப்பொருளே நிலவுகிறது. இன்று கலைச்சொல்லாக வழங்கும் 'ஆளுமை'யும் அதே வினையடியிற் பிறந்தது. ஓரடியிற் பிறந்த இரு வடிவங்களுள் ஒன்று பாலுணர்த்தும் சொல்லாகச் சுருங்கியது. மற்றொன்று உளவியற் கலைச்சொல்லாக விரிந்தது.

ஒப்பின் வகைகளை அடுத்து, தலைமக்களிடத்து இருத்தலாகாத பண்புகளும் எண்ணப்படுகின்றன. கொடுமை, வியப்பு, புறமொழி, வன்சொல், பொச்சாப்பு, மடிமை முதலியன அவற்றுட் சில. ஈண்டு வியப்பு என்பது தன்னைத் தானே வியக்கும் தற்பெருமை. புறமொழியும் வன்சொல்லும் பேச்சின் குற்றங்களாதல் மொழியியலார் கருதத்தக்கது. ஒத்திருத்தல் வேறு, ஒத்திருந்தாலும் கேடு தருவன வேறு என்னும் பகுப்பு இவ்விரு பட்டியல்களாலும் பெறப்படுகிறது. இருவரும் ஒருபடித்தாக வன்சொல்லர் ஆயின் அது பொருத்தம் ஆகாது.

3. அகராதியிலிருந்து அளவுகோலுக்கு

தொல்காப்பியப் பட்டியல் இலக்கிய மாந்தர்க்கு வகுத்த இலக்கணம். மக்களை அளக்கும் கருவியன்று. அளக்கும் நோக்குடன் குணப்பெயர்களைத் தொகுக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்தது. 1884இல் பிரான்சிஸ் கால்டன் குணத்தை அளத்தல் பற்றி எழுதிய கட்டுரையில், 1852இல் முதலில் வெளிவந்த ரோஜேயின் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, குணம் சுட்டும் சொற்கள் ஆயிரத்துக்குக் குறையா என மதிப்பிட்டார். அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கெனப் பொருட்சாயல் உடையது. ஆயினும் ஒவ்வொன்றும் பிறவற்றோடு பொருளில் ஒருபகுதி பகிர்ந்து கொள்கிறது என்பது அவர் கண்டது.

அதே கட்டுரையில் ஈர்ப்பை அளக்கவும் அவர் ஒரு வழி கூறினார். ஒருவர்பால் மனம் சாய்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் உடல் சாய்தலையும் குறிக்கும். விருந்தில் அருகருகே அமர்ந்த இருவர் மனத்தால் நெருங்கினால் உடலாலும் ஒருவர் பக்கம் ஒருவர் சாய்வர். நாற்காலியின் கால்களில் அழுத்தமானி பொருத்தினால் அச்சாய்வை அளந்துவிடலாம் என்று அவர் கருதினார். உருவகத்தை உண்மையெனக் கொண்டு கருவி செய்ய முனைந்த இந்நிகழ்ச்சி, அளவையியலின் அடியில் மொழி எவ்வளவு ஆழமாகக் கிடக்கிறது என்பதற்குச் சான்று. துணைத்தேர்வில் கால்டன் கொண்ட அக்கறைக்கு வேறொரு நோக்கமும் இருந்தது என்பதை மறத்தலாகாது. இனமேம்பாட்டியல் என்னும் கோட்பாட்டுக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே. தக்கோர் தக்கோரை மணத்தல் வேண்டும் எனும் அவ்வியக்கம் பின்னர்ப் பல நாடுகளில் பெருந்தீங்கு விளைத்தது.

1936இல் அமெரிக்க உளவியலாரான ஆல்போர்ட், ஆட்பர்ட் இருவரும் வெப்ஸ்டர் பேரகராதியிலிருந்து 17,953 சொற்களைத் தொகுத்து நான்கு நிரல்களாகப் பிரித்தனர். நிலையான பண்புகளைச் சுட்டுவன 4,504, அவ்வப்போதைய மனநிலைகளைச் சுட்டுவன 4,541, மதிப்பீட்டுச் சொற்கள் 5,226, எஞ்சியவை 3,682. முதல் நிரலையே அடிப்படையாகக் கொண்டு 1943இல் கேட்டல் தம் ஆய்வைத் தொடங்கினார். 1961இல் டியூப்ஸ், கிறிஸ்டல் ஆகியோர் ஐந்து காரணிகளைக் கண்டனர். 1981இல் கோல்ட்பர்க் அவற்றுக்கு 'பெரிய ஐந்து' என்னும் பெயரைச் சூட்டினார்.

இவ்வரலாற்றில் மொழியியலார் நின்று நோக்க வேண்டிய இடம் மூன்றாம் நிரலாகும். நான்கனுள்ளும் மிகப் பெரியது அதுவே. நன்று, தீது எனத் தீர்ப்புரைக்கும் சொற்களோடு, ஒருவர் பிறரிடத்து விளைக்கும் தாக்கத்தைக் கூறும் சொற்களும் அந்நிரலில் வைக்கப்பட்டன. அவை பேசப்படுபவரைக் காட்டிலும் பேசுபவரின் மனத்தையே மிகுதியும் காட்டுவன என்பது காரணம். அஃது அறிவியல் நோக்கில் ஏற்கத்தக்க காரணமே. ஆயினும் ஒருவர் பிறரால் விரும்பப்படுவதையும் வெறுக்கப்படுவதையும் மொழி எச்சொற்களால் கூறுகிறதோ, அச்சொற்களே பட்டியலின் வாயிலில் நிறுத்தப்பட்டன.

4. ஒத்தவரை நாடுதல்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துணைத்தேர்வு பற்றி இரு கருத்துகள் எதிர்நின்றன. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிரப்புவதே ஈர்ப்புக்குக் காரணம் என்று 1950களில் ராபர்ட் வின்ச் வாதிட்டார். மனப்பாங்கின் ஒப்புமையே ஈர்ப்பை வளர்க்கும் என்று 1961 முதல் டான் பைர்ன் சோதனைகளால் காட்டினார். பிற்கால ஆய்வுகளில் ஒப்புமைக் கொள்கையே வலுப்பெற்றது. ஆனால் அவ்வொப்புமை வயது, கல்வி, சமயம், அரசியல் நோக்கு ஆகியவற்றில் தெளிவாகவும், ஐந்து காரணிகளில் மங்கலாகவும் காணப்பட்டது. 2023இல் வெளிவந்த விரிவான தொகுப்பாய்வும் இந்நிலையையே உறுதிசெய்தது. துணைத்தேர்வில் குண ஒப்புக்கு இடமில்லையோ என்னும் ஐயம் இதனால் எழுந்தது.

இவ்வையத்தை இரு முடிவுகள் திருத்துகின்றன. 1930களில் மணஉறுதி செய்துகொண்ட 300 இணையரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த கெல்லி, கான்லி ஆகியோர் 1987இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இருவரின் மனக்கலக்க இயல்பும் கணவரின் தன்னடக்கக் குறைவும் மண உறவின் உறுதியைப் பாதித்தமை அதனால் தெரியவந்தது. ஒத்திருத்தல் வேறு, தன்னளவில் கேடு தருவன வேறு என்னும் பகுப்பு இங்கும் பொருந்துகிறது.

இரண்டாவது, மொழிகள் பலவற்றிலிருந்து வந்த திருத்தம். கொரியம், பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன், அங்கேரியம், இத்தாலியம், போலிஷ் என ஏழு மொழிகளின் குணப்பெயர் ஆய்வுகளை ஒப்பிட்ட ஆஷ்டன், லீ முதலியோர் 2004இல் ஆறு காரணிகள் தேறுவதைக் காட்டினர். ஆறாவது நேர்மையும் தற்பெருமையின்மையும் அடங்கியது. அதனைத் தனியே அளக்கும் வினாநிரல் கிடைத்தபின், நெருங்கிப் பழகியோரிடையே ஒப்புமை தேடிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆறனுள் நேர்மை–பணிவு, புதுமை நாட்டம் ஆகிய இரண்டில் மட்டுமே அவர்கள் ஒத்திருந்தனர். ஐந்து காரணிப் பட்டியலைக் கொண்டு தேடியவர்க்கு இவ்வொப்புமையின் ஒரு பாதி புலப்பட வழியே இல்லை.

தற்பெருமையாகிய வியப்பைத் தொல்காப்பியம் விலக்கியதும் இக்காரணியும் உடன்படுவது கண்டு, இக்கால உளவியலைத் தொல்காப்பியர் முன்னறிந்தார் எனக் கூறுதல் பொருந்தாது. மக்கள் உறவில் பணிவுக்கு உள்ள இடத்தைப் பல மொழிகள் தத்தம் போக்கில் பதிந்துள்ளன என்பதே இதனாற் பெறப்படுவது.

5. பெயர்ப்பில் நேரும் இடர்

1989இல் டேவிட் பஸ் வெளியிட்ட துணைத்தேர்வு ஆய்வு, 33 நாடுகளின் 37 குழுக்களில் 10,047 பேரிடம் நிகழ்ந்தது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. ஒருவர் மொழிபெயர்த்தல், மற்றொருவர் மீளப் பெயர்த்தல், மூன்றாமவர் முரண் தீர்த்தல் என இருமொழியாளர் மூவரைக் கொள்ளுமாறும், சொற்கள் இருபாலார்க்கும் பொதுவாக அமையுமாறும் அறிவுறுத்தப்பட்டது. நாடுகளிடையே மிகுதியாக வேறுபட்ட பண்பு, முன்னர்ப் பாலுறவு கொள்ளாமை என்று அவ்வினாநிரல் வரையறுத்த ஒன்று.

இதற்கு நிகராகத் தமிழில் 'கற்பு' என்னும் சொல்லே முதலில் நாவில் வரும். ஆனால் அகத்திணை மரபில் கற்பு என்பது களவின் பின்னர் அமையும் மணவாழ்க்கை நிலை. பிற்கால வழக்கில் அது மணந்த பெண்ணின் உறுதிப்பாட்டையும் குறிக்கும். மணத்துக்கு முன்னுள்ள நிலையை மட்டும் கேட்கும் வினாவை, மணத்தோடு தொடங்கும் நிலையைக் கூறும் சொல்லால் பெயர்த்தால் விடை எதனை அளக்கும்? மீளப் பெயர்ப்பவர் அகராதி நோக்கி மூலச்சொல்லையே தருவார்; பிழை வெளிப்படாமலே போகும்.

'அடக்கம்' என்பதும் அத்தகையதே. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் இருபாலார்க்கும் பொது. இக்கால மணப்பேச்சிலோ 'அடக்கமான' என்னும் அடை பெரும்பாலும் மணமகளுக்கே வழங்கி, பணிந்து நடத்தலையும் உணர்த்துகிறது. 'குணம்' என்னும் சொல்கூட நடுநிலையில் நிற்பதில்லை. 'குணமானவர்' என்றால் நற்குணமுடையவர் என்றே பொருள். மேலும் ஆங்கில ஆய்வுகள் பெயரடைகளையே பெரிதும் தொகுத்தன. தமிழில் இயல்பான பெயரடைகள் சிலவே. முன்கோபி, வாயாடி, அழுத்தக்காரர், உழைப்பாளி எனப் பெயர்களும், 'மனம் கோணாமல் நடப்பவர்' எனத் தொடர்களுமே குணத்தைக் கூறுவன. பெயரடைகளை மட்டும் திரட்டும் முறை தமிழின் குணச்சொற்களில் பெரும்பகுதியைக் கைவிட்டுவிடும்.

6. முடிவுரை

குணம் ஈர்ப்பையும் துணைத்தேர்வையும் நட்பையும் எவ்வாறு உருவாக்குகிறது என்னும் ஆய்வு சொற்களின் வழியே நடைபெற்று வந்துள்ளது. ஒரு மொழியின் அகராதியில் நீக்கப்பட்ட நிரல், மற்றொரு மொழியில் உறவின் மையமாக இருத்தல் கூடும். ஆகவே வினாநிரல்களைப் பெயர்ப்போர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதை விடுத்து, நடத்தையை விளக்கும் தொடர்களை அமைத்தலும், அச்சொல் இருபாலார்க்கும் ஒத்த பொருளில் வழங்குகிறதா எனப் பேச்சு வழக்கில் சோதித்தலும் வேண்டும். அதற்கு முன்னர், தமிழ் முதலான இந்திய மொழிகளின் குணப்பெயர்கள் பெயர், வினை, தொடர் என்னும் வேறுபாடின்றி முழுமையாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். அத்தொகுப்பே இம்மொழி பேசுவோர் ஒருவரையொருவர் எவ்வளவைகளால் தெரிந்தெடுக்கின்றனர் என்பதற்கு முதற்சான்றாக அமையும்.